பாலையாவின் காது

எங்கள் தெருவின் கோடி வீட்டில் ஒரு தவில்காரர் இருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. விரல்கள் மடங்காமல் போய், கச்சேரிகளை விட்டுவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து போகிற வருகிற பையன்களின் நடையில் தாளம் தப்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். மாங்கனித் திருவிழா வந்தால் மட்டும், பிட்சாடனர் புறப்பாட்டுக்கு முன்னால் போகும் மேளத்தின் சத்தம் எந்தத் தெருவில் கேட்கிறதோ அந்தத் திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நெடுநேரம் அசையாமல் இருப்பார். மாம்பழம் பொறுக்க ஓடும் எங்களுக்கு அவர் எதைக் கேட்கிறார் என்பது அப்போது விளங்கியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தூர்தர்ஷனில் ‘தில்லானா மோகனாம்பாள்’ போட்டார்கள். தெருவில் பெட்டி இருந்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அவர் வந்து கூடத்தில் தூணோரமாக உட்கார்ந்தார். சிக்கல் சண்முகசுந்தரத்தின் கதை என்றால் எங்கள் பக்கத்தவருக்கு அது அடுத்த ஊர்ச் சமாசாரம். வாஞ்சூர் எல்லையைத் தாண்டி, நாகூர், நாகப்பட்டினம் போய் மேற்கே திரும்பினால் சிக்கல். மோகனாவின் ஊரான திருவாரூர் இன்னும் கொஞ்சம் தள்ளி. சினிமாவாயிற்றே என்று விட்டுக்கொடுத்துப் பார்க்கிற மனோபாவம் அவருக்கு இல்லை. வந்திருக்கிற மேளத்தின் யோக்கியதை என்ன என்று பார்க்கவே அவர் வந்திருந்தார்.

படம் பாதி ஓடியபோது, “தவுலு வாசிக்கிறவர் யார், தம்பி?” என்று கேட்டார்.

“டி. எஸ். பாலையா, தாத்தா.”

“கை சரியா விழலே. அந்த ஆளு தவுலைத் தொட்டதே கிடையாது.” சற்றுப் பொறுத்து, “ஆனா தவுல்காரன்தான்” என்றார்.

நான் சிரித்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “நாயனக்காரன் ஊதறப்ப இவன் எங்கே பாக்கறான்னு பாரு” என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு அது புரிந்தது என்று சொன்னால் பொய். எனக்கு அப்போது சிவாஜியின் கன்னங்களும் பத்மினியின் கால்களும் நாகேஷின் வைத்தி வேஷமும்தான் கண்ணில் நின்றன. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, நானும் கதைகள் எழுத ஆரம்பித்து, நம்முடைய கதைகளில் ஒரு பாத்திரம் பேசும்போது எதிரே இருக்கும் பாத்திரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த நாட்களில்தான், அந்தக் கிழவர் சொன்னது மீண்டும் ஞாபகம் வந்தது. பிறகு பாலையாவின் படங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம் இதுதான்: தமிழ் சினிமாவில் பேசத் தெரிந்த நடிகர்கள் பலர் உண்டு, கேட்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரில் முதல்வர் பாலையா.

இதை யாரும் அவருக்குப் பெருமையாகச் சொல்வதில்லை. ‘நல்ல குணசித்திர நடிகர்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். குணசித்திரம் என்ற சொல் நம்மிடையே கதாநாயகன் ஆகாதவர்களுக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசாகிவிட்டது.

தவில் என்ற வாத்தியத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. பலாக்கட்டையில் குடைந்த பீப்பாய். வலந்தலையை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு வாசிக்க வேண்டும். தொப்பியை இடது கையில் பிடித்த குச்சியால் தட்ட வேண்டும். அதன் ஓசை நாலு தெருவுக்குக் கேட்கும். அவ்வளவு முரட்டு ஓசை உள்ள வாத்தியத்துக்கு விதிக்கப்பட்ட வேலையோ கூட வருவது. நாயனக்காரர் அடுத்து என்ன வாசிக்கப் போகிறார் என்பது தவில்காரருக்கு முன்கூட்டித் தெரியாது. ஒரு பிடி எங்கே தொடங்கி எங்கே திரும்பும் என்று காதாலேயே மோப்பம் பிடித்து, அது போய் இறங்குகிற இடத்தில் இவர் முன்பே போய்க் காத்திருக்க வேண்டும். கை எத்தனை வேகமாக இருந்தாலும் காது மந்தமானால் அவர் தவில்காரர் இல்லை. தனி ஆவர்த்தனத்தில் கை தட்டல் வாங்கிவிடலாம். ராத்திரி முழுவதும் சுவாமி புறப்பாட்டுக்குக் கூட வாசிக்க முடியாது. எங்கள் தெருக் கிழவர் பாலையாவை எந்தத் தராசில் நிறுத்தார் என்பது இப்போது தெரிகிறதல்லவா?

பாலையா 1914இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். அந்தத் தலைமுறையில் நடிப்பு ஆசை பிடித்த பையன்களுக்கு இருந்த ஒரே கல்லூரி நாடகக் கம்பெனி. சங்கரதாஸ் சுவாமிகள் போன்றவர்கள் போட்ட பாதையில் பாய்ஸ் கம்பெனிகள் ஊர் ஊராய்க் கொட்டகை போட்டு ஆடிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே வாத்தியாரின் பிரம்புக்குப் பயந்து பாட்டும் வசனமும் நெட்டுருப் போட்ட பையன்கள்தாம் பிற்காலத்தில் தமிழ் சினிமாவை நிரப்பினார்கள். ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் இருப்பவன் காதில் விழவில்லை என்றால் அவன் சும்மா இருக்க மாட்டான். ஆகவே குரலைத் தூக்கி எறிவதுதான் முதல் பாடம். மகரக்கட்டு உடைந்து குரல் போனால் பிழைப்பும் போயிற்று. இப்படி வளர்ந்தவர்கள் சினிமாவுக்கு வந்த பிறகும் கடைசி வரிசைக்கே பேசிக்கொண்டிருந்ததில் ஆச்சரியம் இல்லை. மைக் மூக்குக்கு முன்னால் தொங்குகிறது. இவர்கள் பக்கத்து ஊருக்குக் கேட்கும்படி பேசுகிறார்கள். நம்முடைய பழைய படங்களில் பாதியை இன்று உட்கார்ந்து பார்க்க முடியாமல் அடிப்பது இந்தத் தொண்டைதான்.

ஆனால் கம்பெனியில் இன்னொரு பாடமும் உண்டு. அதைக் கற்றுக்கொண்டவர்கள் சிலரே. ராஜபார்ட்டுக்காரன் நடு மேடையில் நின்று பாட்டை எடுத்தால் ஹார்மோனியக்காரரும் ஜனங்களும் சேர்ந்து அதைப் பத்து நிமிஷத்துக்கு இழுத்துவிடுவார்கள். அந்தப் பத்து நிமிஷமும் மேடையில் நிற்கும் மற்றவர்கள் என்ன செய்வது? பெரும்பாலோர் அரையில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். மற்றவனுடைய பாட்டு முடியும் வரை, அதைத் தன் பாத்திரம் முதல் தடவையாகக் கேட்கிறது என்ற நினைப்பிலேயே நிற்பது பெரிய அப்பியாசம். நூறாவது இரவிலும் அதை முதல் தடவையாகக் கேட்கத் தெரிந்தவன்தான் நடிகன். பாலையா கம்பெனியில் இருந்து கொண்டு வந்த சொத்து அது என்று நான் ஊகிக்கிறேன்.

1936இல் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் ‘சதி லீலாவதி’யை எடுத்தார். எஸ். எஸ். வாசன் எழுதிய கதை; எம். கே. ராதா கதாநாயகன். அந்த ஒரு படத்தில் மூன்று பேர் சேர்ந்து நடித்தார்கள். ஒருவர் என். எஸ். கிருஷ்ணன். இன்னொருவர் சின்ன இன்ஸ்பெக்டர் வேஷத்தில் வந்த எம். ஜி. ராமச்சந்திரன். மூன்றாமவர் வில்லனாக வந்த பாலையா. மூவரில் அன்று கனமான வேஷம் பாலையாவுக்குத்தான். அடுத்த ஆண்டே டங்கனின் ‘அம்பிகாபதி’யில் தியாகராஜ பாகவதருக்கு எதிரே ருத்ரசேனனாக வந்து வாள் சுழற்றினார். 1948இல் வந்த ‘மோகினி’யில் பாலையாவும் மாதுரி தேவியும் பிரதான ஜோடி, எம். ஜி. ஆரும் வி. என். ஜானகியும் அவர்களுக்குப் பிறகுதான். இருந்தும் கதாநாயகப் பட்டம் பாலையாவிடம் தங்கவில்லை. அவருடைய முகம் அதற்கு ஏற்றதல்ல என்று சொல்வார்கள். முகம் ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. கதாநாயகன் என்பவன் எல்லாரும் தன்னைப் பார்க்க வேண்டும் என்று நிற்பவன். பாலையாவோ சட்டத்துக்குள் வந்த மாத்திரத்தில் மற்றவரைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார். நாமும் அவர் பார்க்கும் திக்கில் பார்த்துவிடுகிறோம்.

வில்லன்களாகப் பெயர் வாங்கிய மற்றவர்களை நினைத்துப் பாருங்கள். பி. எஸ். வீரப்பா என்றால் சிரிப்பு, நம்பியார் என்றால் பிசையும் கைகள், எம். ஆர். ராதா என்றால் இரண்டாகப் பிளந்து வரும் அந்தக் குரல். இவையெல்லாம் முத்திரைகள். இவர்களைப் போல வேஷம் போட்டுக் காட்டுவது ஐந்து வயதுப் பையனாலும் ஆகும். பாலையாவைப் போலப் பேசிக் காட்டுகிறவர்கள் குறைவு, ஏனென்றால் பிடித்துக்கொள்ள முத்திரை இல்லை. அவருடைய துஷ்டர்கள் அநேகமாகச் சிரித்த முகம் உள்ளவர்கள். பேச்சில் ஒரு இழுப்பும் நட்பும் இருக்கும். எதிரே இருப்பவன் சொல்வதை அக்கறையாகக் கேட்டுக்கொள்வார்கள். அந்த அக்கறைதான் பயமாக இருக்கும். நம் ஊரில் உண்மையாகக் குடி கெடுத்தவர்கள் யாரும் அட்டகாசமாகச் சிரித்துக்கொண்டு கெடுக்கவில்லை; “அப்படியா, பாவம்” என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கெடுத்தார்கள்.

1949இல் ‘வேலைக்காரி’ வந்தது. அண்ணாதுரையின் எழுத்து, ஏ. எஸ். ஏ. சாமியின் டைரக்‌ஷன், ஜூபிடர் கம்பெனி. அது முதல் ஒரு பத்து வருஷம் தமிழ்ப் படம் என்பது வசனத்தின் ராஜ்யம். எழுத்தாளனாகிய எனக்கு அந்தக் காலத்தின் மீது பொறாமை உண்டு: வசனகர்த்தாவின் பெயருக்குக் கை தட்டிய காலம் வேறு எது? ஆனால் நஷ்டமும் உண்டு. ஒருவர் இரண்டு பக்கம் பேசும்போது எதிரே நிற்பவர் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விளக்குக் கம்பம் போல நிற்க வேண்டியதாயிற்று. சம்பாஷணை என்ற பெயரில் இரண்டு பிரசங்கங்கள் மாறி மாறி நடந்தன. ‘வேலைக்காரி’யில் பாலையா கே. ஆர். ராமசாமியின் சிநேகிதன் மணி. ஜமீன்தாரைப் பழி வாங்கக் கத்தியோடு கிளம்புகிற ஆனந்தனைத் தடுத்து, கத்தியைவிடக் கூர்மையான ஒன்று மண்டைக்குள் இருக்கிறது என்று புத்தி சொல்லும் பாத்திரம். அந்த உபதேசம் நாடு முழுவதும் வாய்க்கு வாய் போயிற்று. என்னைக் கேட்டால், அந்த உபதேசத்தைச் சொல்வதற்கு முன்னால் ஆனந்தனுடைய ஆத்திரத்தை மணி கேட்டுக்கொண்டிருக்கிற சில விநாடிகள் இருக்கின்றனவே, அவை இல்லாவிட்டால் அந்த உபதேசம் வெறும் மேடைப் பேச்சாகத்தான் போயிருக்கும். பொறுமையாகக் கேட்டவன் சொல்கிறான் என்பதால்தான் அதற்கு மதிப்பு.

காது என்றால் இன்னொன்றும் உண்டு: பிறர் பேச்சின் ஓசையைப் பிடிக்கும் காது. 1954இல் வந்த ‘தூக்குத் தூக்கி’யில் அவர் சேட் நந்திலாலாக வருகிறார். வடக்கத்தி வியாபாரி பேசும் தமிழை நம் ஹாஸ்ய நடிகர்கள் எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். நாலு ‘நம்பள்’, நாலு ‘நிம்பள்’ போட்டால் ஜனங்கள் சிரிப்பார்கள், அது போதும் அவர்களுக்கு. பாலையாவின் சேட்டுக்கு அந்தக் கொச்சைக்குள்ளேயே ஆசை, சபலம், பயம், வியாபாரக் கணக்கு எல்லாம் ஏறி இறங்குகின்றன. அவன் தமிழ் தெரியாதவன் என்று நாம் சிரிப்பதில்லை. அவனுக்குத் தெரிந்த தமிழை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் பாய்கிறான் என்று சிரிக்கிறோம். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

இனி 1964க்கு வருகிறேன். ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’. சின்னமலை எஸ்டேட் முதலாளி விசுவநாதன். அவருடைய பிள்ளை செல்லப்பா, ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று படக் கம்பெனி நடத்தப் போகிறவன். நாகேஷ் தகப்பனாருக்குத் தன் படக் கதையில் ஒரு பயங்கரக் காட்சியைச் சொல்கிறார். இந்தக் காட்சியைப் பார்க்காத தமிழர்கள் இருக்க மாட்டார்கள். இப்போது கைபேசியில் இதைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பிக்கொள்கிறார்கள். எதற்கெடுத்தாலும் பயந்த பாலையாவின் முகம் ஒன்று வந்து விழுகிறது. வேடிக்கை என்னவென்றால், காட்சி முழுவதும் பேசுகிறவர் நாகேஷ், ஜனங்களின் மனத்தில் படமாக நின்றது பேசாதவரின் முகம்.

கதை என்று பார்த்தால் நாகேஷ் சொல்வதில் சரக்கே இல்லை. கொஞ்சம் இருட்டு, கொஞ்சம் ஊளை, கொஞ்சம் காலடிச் சத்தம். அந்த ஒன்றுமில்லாததை பயங்கரமாக்குகிறவர் பாலையா. அவர் எடுத்த எடுப்பில் பயப்படுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் பிள்ளையின் உளறலைச் சகித்துக்கொள்ளும் தகப்பன். பிறகு, சரி என்னதான் சொல்கிறான் என்று ஒரு சின்ன ருசி. அப்புறம் தன்னை அறியாமல் உள்ளே இழுக்கப்பட்டு, தான் எஸ்டேட் முதலாளி என்பதும் எதிரே இருப்பது உதவாக்கரைப் பிள்ளை என்பதும் மறந்து போகிறது. பாட்டி மடியில் கதை கேட்கும் குழந்தையாக அந்த மனிதர் படிப்படியாக வயது குறைந்துகொண்டே போவதை நாம் கண்ணால் பார்க்கிறோம். நாகேஷ் பெரிய நடிகர், சந்தேகமில்லை. அவர் வீசும் ஒவ்வொரு ஓசையும் விழுவதற்கு ஒரு இடம் வேண்டுமே! அந்த இடத்தைத் தயாராக வைத்திருக்கிறார் பாலையா.

இதையே ஸ்ரீதர் 1966இல் ‘ப்யார் கியே ஜா’ என்று ஹிந்தியில் எடுத்தார். மெஹ்மூத் கதை சொல்கிறார். ஓம் பிரகாஷ் கேட்கிறார். இருவரும் கெட்டிக்காரர்கள். ஆனால் அங்கே கதை சொல்பவரும் நடிக்கிறார், கேட்பவரும் நடிக்கிறார். இருவரில் யார் சிரிப்பை வாங்குவது என்று ஒரு போட்டி தெரிகிறது. நம்முடையதில் போட்டி இல்லை. டைரக்டரும் காட்சியும் ஒன்றாக இருந்தும் விளைவு மாறுவதற்குக் காரணம் நாற்காலியில் இருக்கும் ஆள்தான். வடக்கத்தி நண்பர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், போகட்டும்.

1965இல் ‘திருவிளையாடல்’. ஏ. பி. நாகராஜன் பாலையாவுக்கு ஹேமநாத பாகவதர் வேஷத்தைக் கொடுத்தார். வேஷத்தின் சிக்கலை எண்ணிப் பாருங்கள். பாகவதர் பெரிய வித்துவான். பாண்டியன் சபையில் பாடி, தன்னை ஜயிக்க ஆள் இல்லாவிட்டால் நாடே தன் பாட்டுக்கு அடிமை என்று சவால் விடுகிறார். பாடுகிற குரலோ பாலமுரளி கிருஷ்ணாவுடையது. நாடகக் கம்பெனிகளில் பாட்டில்லாமல் நடிப்பில்லை என்று வளர்ந்தவர், இங்கே இன்னொருவர் பாட்டுக்கு வாயசைக்க வேண்டும். சபையில் பாடுகிற அந்த ராகமாலிகையை அவர் வாயசைத்துச் சமாளித்தார் என்று சொல்வது அநியாயம். ஒவ்வொரு ராகம் திரும்பும்போதும் சபையை ஒரு கண்ணால் எடை போடுகிறார். தன் சங்கதி எங்கே போய் விழுந்தது, யார் தலை ஆடியது, யார் ஆடவில்லை என்று கணக்கெடுக்கிறார். பெரிய வித்துவான்களின் கச்சேரியில் முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கண் பரிச்சயமானது.

ஆனால் வேஷத்தின் உயிர் அதற்குப் பிறகு வருகிறது. ராத்திரி. திண்ணையில் விறகுக் கட்டோடு ஒரு பரதேசி. பாணபத்திரரால் வேண்டாமென்று ஒதுக்கப்பட்டவன் என்று சொல்லிக்கொள்கிறான். அவன் பாடத் தொடங்குகிறான், டி. எம். சௌந்தரராஜனின் குரல். பாகவதர் கேட்கிறார். முதலில் வரும் எரிச்சல், தூக்கம் கெட்டவனுடையது. இரண்டாவதாக வருவது வித்துவானின் ஆச்சரியம். காது தானாகத் திரும்பிவிடுகிறது. மூன்றாவது பயம். நாலாவதுதான் எனக்கு முக்கியம்: அந்தப் பயத்துக்குள்ளேயே ஒரு சந்தோஷம். இவ்வளவு பெரிய சங்கீதத்தைக் கேட்கக் கொடுத்து வைத்ததே என்கிற சந்தோஷம். தன்னைத் தோற்கடிக்கப் போகிற பாட்டு என்று தெரிந்தும் ரசிக்காமல் இருக்க முடியாத ரசிகனின் அவஸ்தை அது. கர்வியை வெறும் கர்வியாக விட்டிருந்தால் அவன் ஊரை விட்டு ஓடுவது நமக்கு வேடிக்கையாகப் போயிருக்கும். பாலையா அவனுக்கு ஒரு காதைக் கொடுத்துவிட்டதால், அவன் இரவோடு இரவாகக் கிளம்பும்போது நமக்குச் சிரிப்பு வருவதில்லை. புராணத்தில் ஹேமநாதன் தோற்றவன். படத்தில் அவன் கேட்டவன். சிவபெருமானாக வந்த சிவாஜிக்கு அந்த இடத்தில் திருவிளையாடல் பலித்ததற்குப் பாதிக் காரணம் எதிரே இருந்தவர் என்று சொன்னால் சிவாஜி ரசிகர்கள் என்னை அடிக்க வருவார்கள். எனினும் சொல்லத்தான் வேண்டும்.

குறைகளை மறைக்க விரும்பவில்லை. ‘மதுரை வீர’னில் (1956) நரசப்பனாக வரும்போதும், அதையொட்டிய பல ராஜா ராணிப் படங்களிலும், பழைய தொண்டை மீண்டும் தலை தூக்குகிறது. அவரும் கடைசி வரிசைக்குக் கத்துகிறார். வந்த வேஷங்களை எல்லாம் ஏற்றுக்கொண்டார், பாதியைத் தள்ளியிருக்கலாம். கடைசிக் காலத்தில் பணக்காரத் தகப்பனார், கோபக்காரத் தகப்பனார், ஏமாந்த தகப்பனார் என்று ஒரே அச்சில் வார்த்த வேஷங்கள் வந்து குவிந்தன. ‘ஊட்டி வரை உறவு’ (1967) ‘காதலிக்க நேரமில்லை’யின் மிச்ச மாவில் சுட்ட தோசை. அதே வருஷம் பாலசந்தரின் ‘பாமா விஜய’த்தில் எதிராஜ் என்ற பெரியவராக வந்து, மூன்று பிள்ளைகளும் மூன்று மருமகள்களும் சினிமா நட்சத்திரத்தின் பகட்டில் மயங்கிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பார்வை அழகு. ஆனால் படத்தின் முடிவில் அவர் வாயால் புத்திமதி சொல்ல வைத்துவிட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்த வரை குடும்பத்தின் தலைவர். பேச ஆரம்பித்ததும் ஆசிரியரின் குழாய்.

இங்கிலாந்தில் அலெக் கின்னஸ் என்று ஒருவர் இருந்தார். அவரும் நாடக மேடையிலிருந்து வந்தவர். அவருக்கும் கதாநாயக முகம் கிடையாது. 1949இல் ஒரே படத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த எட்டுப் பேராக நடித்தார். நமக்கு எதிர்க்கரையான இலங்கைக் காட்டில் எடுத்த ‘க்வாய் நதிப் பாலம்’ படத்துக்கு ஆஸ்கார் வாங்கினார். 1959இல் ‘சர்’ பட்டமும் கிடைத்தது. அங்கே ஒரு நடிகனுக்கு முகம் இல்லாதது குறையாக எண்ணப்படவில்லை, அவனைச் சுற்றியே படங்கள் எழுதினார்கள். நம் பாலையாவைச் சுற்றி எழுத இங்கே ஒரு கதாசிரியனுக்கும் தோன்றவில்லை. 36 வருஷம் நடித்தார். ஒவ்வொரு படத்திலும் வேறு யாருடைய கதையோ நடந்துகொண்டிருந்தது. இதற்குப் பொறுப்பு ரசிகர்களுடையது என்று பத்திரிகையில் எழுதுவது வழக்கம். நான் எழுதுகிறவர்களைத்தான் சொல்வேன், என்னையும் சேர்த்து. பேசுகிறவனைச் சுற்றிக் கதை கட்டுவது சுலபம்.

‘தில்லானா மோகனாம்பாள்’ கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை. நாகராஜன் அதை 1968இல் படமாக்கினார். நாயனம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி விரல் பிடித்த நேர்த்தியைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். முத்துராக்கு என்ற தவில்காரராக வரும் பாலையாவின் கையைப் பற்றி எங்கள் தெருக் கிழவர் கொடுத்த தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிட்டேன். மேளத்தின் அசல் ஆட்களை வைத்தே எடுத்திருக்கலாமே என்றால், அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1940இல் இதே டங்கன் ‘காளமேகம்’ எடுத்தபோது திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையையே நாயகனாகப் போட்டார். நாயனத்தில் தோடி என்றால் இன்றைக்கும் அவர் பெயர்தான். இருந்தும் அந்தப் படத்தைப் பார்த்து மெய்ம்மறந்தேன் என்று சொல்பவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. ஞானம் வேறு, அதைக் காட்டிக்கொடுக்கும் வித்தை வேறு.

படத்தில் ஒரு கட்டம். கையில் விஷக் கத்திக் காயம் பட்டு ஆறியும் ஆறாமலும் சண்முகசுந்தரம் வாசிக்க வந்திருக்கிறார். சபை நிறைய ஜனங்கள். நேரே பேசிக்கொள்ள முடியாத நிலையில், மோகனா ஆட்டத்தின் அபிநயத்திலேயே அவருடைய நலத்தை விசாரிக்கிறாள். சிவாஜியின் கண்ணில் நீர் தளும்புகிறது, பத்மினியின் கண்ணிலும். இருவருக்கும் நடுவில், தவிலைத் தட்டிக்கொண்டு, பாலையா. அவருக்கு அங்கே வசனமும் இல்லை, கதையில் காரியமும் இல்லை. இந்தப் பக்கம் பார்க்கிறார், அந்தப் பக்கம் பார்க்கிறார். சபையில் இவ்வளவு பேர் இருக்க, இவர்கள் பேசிக்கொள்வது தமக்கு மட்டும் விளங்கிவிட்டது என்பதும், விளங்கியதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பதும், அந்த நேரத்தில் கை தாளத்தை விட்டுவிடக் கூடாது என்பதும் ஒரே முகத்தில் தெரிகின்றன. மோகனா விஷயமாக இத்தனை நாள் தம்பியோடு மல்லுக்கு நின்றவர் அவர். தோற்றுப்போன அண்ணனாகவும் அகமகிழ்ந்த அண்ணனாகவும் ஒருங்கே உட்கார்ந்திருக்கிறார்.

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இந்தக் கட்டம் வந்தபோது கிழவர் ஒன்றும் சொல்லவில்லை. தூணில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மடங்காத அந்த விரல்கள் வேட்டியின் மேல் மெள்ளத் தட்டத் தொடங்கின. பாட்டு முடிந்து விளம்பரம் வந்த பிறகும் நிற்கவில்லை. என் தாயார் காபி கொண்டு வந்து வைத்ததை அவர் பார்க்கவே இல்லை.

பாலையா 1972ஆம் வருஷம் ஜூலை 22ஆம் தேதி காலமானார். அவருடைய மகன் ஜூனியர் பாலையா என்ற பெயரோடு நடித்து, 2023இல் மறைந்தார். நாகராஜன் எங்கள் ஊர் அம்மையாரின் கதையை ‘காரைக்கால் அம்மையார்’ என்று 1973இல் கொண்டு வந்தார், கே. பி. சுந்தராம்பாள் பாடினார். மாங்கனித் திருவிழாவையொட்டி ஏதாவது ஒரு டெலிவிஷனில் அந்தப் படம் வரும். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு அசட்டு வழக்கம் உண்டு: ஒரு வருஷம் முந்தி எடுத்திருந்தால் நாகராஜன் பாலையாவுக்கு எந்த வேஷத்தைக் கொடுத்திருப்பார் என்று யோசிப்பேன். மாம்பழம் கைக்கு வந்த அதிசயத்தைப் பரமதத்தன் வெளியில் வந்து உளறும்போது, அதைக் கேட்டுக்கொண்டு நிற்க ஒரு பெரியவர் வேண்டுமல்லவா? அந்த இடத்தில் அவரை நிறுத்திப் பார்ப்பேன்.